எந்த விரலில் வைத்துப் பார்த்தார்கள்?

2020 டிசம்பர் மூன்றாம் வாரம். அறிவியல் பக்கத்துக்கு என்ன எழுதலாம் என்று மேய்ந்துகொண்டிருந்தபோது ஒரு சின்ன ஆய்வுக் கடிதம் கண்ணில் பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதியது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டுகிறது. அதே நேரம் தமனியில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தைப் பார்த்தால் ஆக்ஸிஜன் 88-க்கும் கீழே கிடக்கிறது. வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 விழுக்காடு இப்படி. கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு.

படித்தேன். "அமெரிக்கக் கறுப்பர் பிரச்சினை, நம்ம வாசகருக்கு ஒட்டாது" என்று ஒதுக்கிவிட்டு, அந்த வாரம் வானத்தில் வியாழனும் சனியும் ஒட்டினாற்போலத் தெரியப்போவதைப் பற்றி எழுதினேன். நல்ல வரவேற்பு.

ஐந்து மாதம் கழித்து, ஒதுக்கிய செய்தி மதுரைக்கே வந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தது. 2021 மே. அப்பாவுக்குக் காய்ச்சல் ஐந்தாம் நாள். நாலு வீட்டுக்கு ஒரு ஆக்ஸிமீட்டர், சானிடைசர் தொட்டுத் துடைத்துக் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி, மேலே இருந்தால் வீடு. அப்பா முப்பது வருஷம் வெயிலில் மின்கம்பம் ஏறியவர், நல்ல கறுப்பு. அவர் விரலில் 95. "தொண்ணூத்தஞ்சு இருக்கே, பிறகென்ன" என்றார் அம்மா. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டிசம்பரில் படித்த அந்த 92-லிருந்து 96 வரை என்கிற வரிதான் கண்முன் நின்றது.

போனில் பேசிய டாக்டர் எண்ணைக் கேட்டுவிட்டு, "நம்பரை விடுங்கம்மா. ஆறு நிமிஷம் வீட்டுக்குள்ள நடக்கச் சொல்லுங்க. பேசும்போது திணறுதான்னு பாருங்க" என்றார். திணறியது. அன்று சாயங்காலமே சேர்த்தோம். பதினோரு நாளில் திரும்பி வந்து, இப்போது என்னோடு அரசியல் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். கருவி அன்றைக்கு ஏமாற்றியது என்று நான் சொல்லவரவில்லை. நடந்தால் ஆக்ஸிஜன் இறங்குவது அந்த நோயின் குணம். சொல்லவருவது என் வேலையைப் பற்றி. தெரு முழுக்க அந்தக் கருவியை நம்பி மூச்சு எண்ணிக்கொண்டிருந்தபோது, அதில் ஒரு குறை உண்டு என்று அச்சில் பார்த்திருந்த ஆள் நான். வாயைத் திறக்கவில்லை.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. விரலின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு ஒளிகள், ஒன்று சிவப்பு, ஒன்று அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும், ஏறாதது சிவப்பை அதிகம் உறிஞ்சும். மறுபக்கம் வந்து சேரும் ஒளிகளின் விகிதத்தை வைத்துக் கருவி ஒரு எண்ணைச் சொல்லும். எந்த விகிதத்துக்கு எந்த எண் என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் கூட்டி, அவர்கள் சுவாசிக்கும் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ரத்தம் எடுத்து ஒப்பிட்டுத்தான் அட்டவணை போடவேண்டும். அந்தத் தன்னார்வலர்கள் யார்? பெரும்பாலும் வெளிர்நிறத் தோல்காரர்கள். அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-ல் கொடுத்த வழிகாட்டலே பத்துப் பேரில் இரண்டு பேர் கறுத்த தோல்காரர்களாக இருந்தால் போதும் என்கிற அளவில்தான் இருந்தது. இடையில் நிற்கும் மெலனினும், அதாவது தோலுக்கு நிறம் தரும் பொருளும், ஒளியை உறிஞ்சும் என்பது பள்ளிக்கூடப் பாடம்.

இது யாருக்கும் தெரியாமல் இல்லை. 1990-லேயே தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வந்துவிட்டது. 2005-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் தனியே சோதித்து, ஆக்ஸிஜன் குறையக் குறையக் கறுத்த தோலில் பிழை கூடுவதைக் காட்டினார்கள். அதற்கெல்லாம் முன்பே, எழுபதுகளில், ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் காதில் மாட்டும் ஒரு கருவி செய்தது. இரண்டு ஒளி அல்ல, எட்டு அலைநீளங்கள். கறுப்பினத்தவரிடமும் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய கருவி, விலையும் அதிகம். சிறியதும் மலிவானதும் சந்தையைப் பிடித்தன.

2020-ல் இதைத் தோண்டியெடுத்தது மருத்துவரும் இல்லை, கருவி செய்தவரும் இல்லை. எமி மோரன் தாமஸ், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியர். கணவருக்கு உடம்பு முடியாமல் போனதால் ஒரு ஆக்ஸிமீட்டர் வாங்கினார். ஒளி தோலுக்குள் புகுந்து போவதைப் பார்த்து, "நிறம் மாறினால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பழைய ஆய்வுகளைத் தேடினார். அந்த ஆகஸ்டில் பொது வாசகருக்காக ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்துத்தான் மிச்சிகன் மருத்துவர்கள் தங்கள் மருத்துவமனைக் கோப்புகளைப் புரட்டினார்கள். நான் ஒதுக்கிய அந்தக் கடிதம் அப்படிப் பிறந்தது.

அச்சில் கிடந்தும் யாரும் கண்டுகொள்ளாத டஸ்கீகி கதையும் இதே மாதிரிதான். அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை நடத்திய ஆய்வு அது. 1932-ல் அலபாமா மாநிலம் மேக்கன் கவுண்டியில் கிரந்தி (சிபிலிஸ்) நோய் கண்ட 399 கறுப்பின ஆண்கள், நோயில்லாத 201 பேர். நோயைச் சொல்லவில்லை, "கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். சத்து டானிக்கும் ஆஸ்பிரினும் கொடுத்தார்கள். பிணப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் ஈமச் செலவு எங்களுடையது என்றார்கள். நாற்பதுகளில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. நோய் மனிதனை எப்படித் தின்கிறது என்று பார்க்கவேண்டுமாம்! இதை ரகசியத் திட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. 1936 முதல் மருத்துவ இதழ்களில் கட்டுரை கட்டுரையாக வந்தது. 1965-ல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் மருத்துவர் அதில் ஒன்றைப் படித்துப் பதறி, அதை எழுதியவர்களுக்குக் கடிதம் போட்டார். அவர்கள் பதில் போடவில்லை. அந்தத் துறைக்குள்ளேயே வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் பலமுறை முறையிட்டுப் பார்த்துச் சலித்து, கடைசியில் ஏ.பி. செய்தி நிறுவனத்திடம் காகிதங்களைக் கொடுத்தார். ஜீன் ஹெல்லர் என்ற நிருபர் எழுதிய செய்தி 1972 ஜூலை 25 அன்று வெளியானது. 40 வருஷம் ஓடிய திட்டம் சில மாதங்களில் நின்றது. நூலகத்தில் எவரும் எடுத்துப் படித்திருக்கக்கூடிய பக்கங்களை, அதிர்ச்சியடையவும் அதை ஊருக்குச் சொல்லவும் தெரிந்த ஒருத்தி படித்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சொன்னால், "அப்போ எல்லாச் சோதனையிலும் இனத்தைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்கள். ஆகாது. சேர்த்தும் கெடுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் சேரும் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவை வைத்துச் சிறுநீரகத் திறனைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்று உண்டு. 2009-ல் வந்த வடிவத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கவேண்டும். ரத்தத்தில் அதே அளவு, ஆனால் காகிதத்தில் அவருடைய சிறுநீரகம் 16 விழுக்காடு நன்றாக வேலை செய்யும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவர் தாமதமாகத்தான் சேர்வார். அமெரிக்காவில் ஆய்வுக்கூட அறிக்கைகளில் இரண்டு இனத்துக்கு இரண்டு எண் என்று பகிரங்கமாக அச்சடித்தே கொடுத்தார்கள். 2021-ல்தான் இனத்தை நீக்கிய புதுச் சூத்திரம் வந்தது. பழைய சூத்திரத்தால் வரிசையில் தாமதமாகச் சேர்ந்த கறுப்பினத்தவருக்கு, இழந்த நாட்களை 2023 முதல் திரும்பக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள்.

ஆக்ஸிமீட்டரில், தோலில் நிஜமாகவே இருந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. சிறுநீரகச் சூத்திரத்திலோ இனம் என்ற ஒரு சொல்லை உடலுக்குள் உறுப்புபோல வைத்துத் தைத்தார்கள். மெலனின் ஒரு பொருள், அளக்கலாம். இனம் விண்ணப்பப் படிவத்தில் போடும் டிக். இரண்டையும் குழப்பாமல் எழுதத் தெரிந்தால்தான் இந்தத் துறையில் எழுதவே வேண்டும் என்பது என் கட்சி. மிச்சிகன் ஆய்விலேகூட எவர் தோலையும் அளக்கவில்லை, கோப்பில் இருந்த இனப் பெயரைத்தான் பார்த்தார்கள்.

"அங்கே இனம், இங்கே சாதி; அதை எழுதேன்" என்று ஒரு நண்பர் போன பதிவில் சீறியிருந்தார். சாதியை எழுதவேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நாம் வாங்கி மாட்டிக்கொள்ளும் கருவிக்குச் சாதி தெரியாது, அட்லாண்டிக்கும் தெரியாது. அப்பாவின் விரல் தெரியும்.

தமிழில் மருத்துவச் செய்தி எழுதுகிற நாங்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் அறிக்கையை மொழிபெயர்த்துக் கொடுக்கிறோம். "விஞ்ஞானிகள் சாதனை" என்று தலைப்பு. யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேர், அவர்கள் நம்மைப் போன்றவர்களா என்று கேட்பதில்லை. கேட்க நேரமில்லை என்பது பொய். கேட்கத் தோன்றுவதில்லை. எஃப்.டி.ஏ. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு, சோதனைக்கு 150 பேராவது வேண்டும், எல்லா நிறத்தவரும் இருக்கவேண்டும் என்கிறது. பத்து பேரிலிருந்து 150! அந்தச் செய்தியும் நம் பத்திரிகைகளில் மூலையில்தான் வந்தது.

போன மாதம் பக்கத்து மேஜைத் தங்கை ஒரு புதுக் கைக்கடிகாரத்தைப் பற்றிய செய்தியைக் கொண்டுவந்தாள். ரத்த ஆக்ஸிஜனை அளக்குமாம். "எந்த நிறத் தோல்ல பார்த்தாங்களாம்?" என்றேன். "அது இதுல இல்லையே அக்கா." "எழுதிக் கேள்." நிறுவனத்துக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. அப்படியே எழுதினோம்: எந்தெந்த நிறத் தோலில் சோதிக்கப்பட்டது என்ற கேள்விக்கு நிறுவனம் பதில் தரவில்லை. அந்த ஒரு வரிக்கு இடம் போதவில்லை என்றார் பக்கம் போடுகிறவர். கடிகாரத்தின் படத்தைக் கொஞ்சம் சுருக்கச் சொன்னேன்.