வெள்ளையடிக்கும் முன்னால சுவரைக் கட்டுங்க

நேபாளத்திலோ துருக்கியிலோ நிலம் ஆடினால் மறுநாள் காலையில் நம்மூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வந்துவிடும். "நாம பாறை மேல உக்காந்திருக்கறோம், கொங்கு மண்ணுக்குப் பூகம்பமெல்லாம் வராது." கூடவே கும்பிடும் கை நாலைந்து. அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் எனக்குச் சொந்தபந்தம் என்பதால் பொறுமையாகவே எழுதப் பார்க்கிறேன்.

1900 பிப்ரவரி 8. நிலநடுக்கப் பட்டியல்களில் அதற்குக் கோயம்புத்தூர் பூகம்பம் என்றே பெயர். அளவு ஏறக்குறைய 6. மையம் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம். கோவையிலும் குன்னூரிலும் கட்டடங்கள் அடிவாங்கின, தென்னிந்தியாவில் வெகுதூரம் வரை உணரப்பட்டது. அன்றைய கோவை சின்ன ஊர். 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. பீளமேடும் சிங்காநல்லூரும் தனித்தனிக் கிராமங்கள். இடிந்து விழ அவ்வளவாகக் கட்டடமே இல்லாத காலம். அதைப் பார்த்தவர்கள் போய்ச் சேர்ந்து, அவர்கள் சொல்லக் கேட்டவர்களும் போய்விட்டார்கள். "வராது" என்ற நம்பிக்கைக்கு இதைத் தவிர வேறு ஆதாரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறமும் நிலம் சும்மா கிடக்கவில்லை. 1994 டிசம்பரில் திருச்சூர்ப் பக்கம் வடக்காஞ்சேரியில் 4.3. 2000 டிசம்பரில் இடுக்கியில் 5. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அருகே கடலுக்குள் 5.5. பூகம்பத்தைத் தாங்கும்படி கட்டுவதற்கான இந்தியத் தரநிலையின் (ஐ.எஸ். 1893 என்பது அதன் எண், வருஷமல்ல) 2002ஆம் வருஷப் பதிப்பு கோவையையும் சேலத்தையும் மூன்றாம் பூகம்ப மண்டலத்தில் வைத்தது. மதுரையும் திருச்சியும் அதற்கு ஒரு படி கீழே, இரண்டில். மூன்று என்றால் மிதமான ஆபத்து, அவ்வளவுதான். இமயமலை அடிவாரத்தோடு நம்மை ஒப்பிட்டுப் பயமுறுத்த நான் வரவில்லை. நாளைக்கு வரும், ஆடியில் வரும் என்று தேதி சொல்கிறவனை நம்பவும் வேண்டாம், அதைச் சொல்லும் வித்தை உலகத்தில் யாரிடமும் இல்லை.

ஆனால் பாறைக் கதை சொல்கிறவர்கள் கில்லாரியைப் பற்றி ஒரு தடவை படித்துவிட்டு வரட்டும். மகாராஷ்டிரத்தில் லாத்தூர் மாவட்டம். அவர்களும் நம்மைப் போலத் தக்காணத்துப் பாறை மேல் இருந்தவர்கள்தான். அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலம் அவர்களுடையது. 1993 செப்டம்பர் 30 விடிகாலை, பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தது ஊர். அளவு 6.2. செத்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். 1900இல் இங்கே வந்ததைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

அவர்களைக் கொன்றது சுவர். இரண்டடி, இரண்டரையடிக் கல் சுவர். வெளிமுகத்துக்கு ஒரு வரிசை, உள்முகத்துக்கு ஒரு வரிசை என்று கல்லை அடுக்கி, நடுவில் ஜல்லியும் மண்ணும் போட்டு நிரப்பியது. இரண்டு வரிசையையும் கோத்துப் பிடிக்கும் கல் ஒன்றுகூடக் குறுக்கே போகாது. மேலே வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று கனத்த மண் கூரை. நிலம் பக்கவாட்டில் உதறியதும் வெளிமுகம் வெளியே சாய்ந்தது, உள்முகம் உள்ளே சரிந்தது, கூரை மொத்தமும் தலைமேல் இறங்கியது.

இதைப் படிக்கும்போது காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், கரூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தங்கள் ஊர் வீடு நினைவுக்கு வரவேண்டும். கருங்கல்லும் செம்மண் சாந்தும், மேலே சுண்ணாம்புப் பூச்சு. "எங்க அப்புச்சி கட்டுன ஊடுங்க, ரெண்டடிச் சுவரு, பீரங்கி வெச்சாலும் அசையாது" என்று பெருமையாகச் சொல்வோம். பூகம்பத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழ். சுவரின் எடை எவ்வளவு கூடுகிறதோ, ஆடும்போது அதன்மேல் விழும் பக்கவாட்டு விசையும் அவ்வளவு கூடும். தடிமனை மட்டும் நம்பி நிற்கிற சுவர் தன் பாரத்தாலேயே போகும். நமக்கு வாய்த்த நல்லது, நம்முடையது பெரும்பாலும் ஓட்டுக் கூரை. மண் கூரையைவிடப் பாரம் மிகக் குறைவு. அந்த ஒரு விஷயத்தில் கில்லாரியைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள்.

இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு கோஷ்டி கிளம்பும். ஒரு கோஷ்டி, "முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை, தொட்டிக்கட்டு வீடு எதையும் தாங்கும்" என்பது. இன்னொன்று, "இடிச்சுட்டு காங்கிரீட்ல கட்டுங்க" என்பது. இரண்டும் சோம்பேறித்தனம் என்பேன். முன்னோர்கள் வெயிலுக்கும் மழைக்கும் கள்ளனுக்கும் கட்டினார்கள், நன்றாகவே கட்டினார்கள். அவர்கள் ஆயுசில் பார்க்காத ஒன்றுக்காகக் கட்டவில்லை என்பது குற்றமில்லை. இடிக்கச் சொல்கிறவர்களுக்கு, தேக்குத் தூணும் ஆசாரக் கூடமும் போனால் என்ன போகிறது என்று தெரியாது. அதோடு, புதிதாகக் கட்டுகிற காங்கிரீட்டும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பழைய வீட்டில் குறை வயசில் இல்லை, சுவர்களின் பிணைப்பில் இருக்கிறது. நாலு சுவரும் நாலு தனி ஆள் மாதிரி நிற்கின்றன, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை. சோளத்தட்டைக் கட்டாகக் கட்டி நிறுத்தினால் காற்றுக்கும் நிற்கும், கயிறு அறுந்தால் ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு பக்கம் சாயும். வீட்டுக்கும் அந்தக் கயிறுதான் வேண்டும். புது வீட்டில் கதவு, ஜன்னலுக்கு மேலே லிண்டலைத் துண்டு துண்டாகப் போடாமல் எல்லாச் சுவரிலும் சுற்றி ஓடவிட்டால் அது பெல்ட். பழைய வீட்டுக்கும் இந்த பெல்ட்டைப் பின்னாலிருந்து போட முடியும் என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியாதது. தரநிலை 13935 முழுக்க இதற்காகவே எழுதியது. 1993இலேயே வந்துவிட்டது, 2009இல் திருத்தியும் விட்டார்கள்.

வேலை இப்படி. லிண்டலுக்குச் சற்று மேலே, வீட்டைச் சுற்றி, ஒரு பட்டை அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இடுக்கை அரை அங்குலம் சுரண்டி, தூசி போகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வெல்டு மெஷ் என்கிற கம்பி வலையை நீள ஆணி அடித்துச் சுவரோடு இறுக்கி, ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையை இரண்டு தடவையாகப் பூசி, நன்றாக நனைக்க வேண்டும். சுவர் முடியும் இடத்தில், கூரைக்குக் கீழே இன்னொரு பட்டை. ஓட்டு வீட்டின் இரு பக்கமும் முக்கோணமாக ஏறுகிற சுவரில் அந்தச் சரிவோடு ஒரு பட்டை. முதலில் விழுவது அந்த முக்கோணம்தான், அதை விட்டுவிடக் கூடாது. மூலைகளில் இதே மெஷ் மேலிருந்து கீழாக. உள்ளேயும் வெளியேயும் போட்டால் நல்லது. உள்ளே முடியாதென்றால் வெளியே சுற்றிப் போட்டு, அறைகளுக்குக் குறுக்கே கம்பி இழுத்து இரண்டு சுவரையும் பிணைக்கும் வழியும் உண்டு.

கல் சுவராக இருந்தால் இன்னொரு வேலை சேரும். அங்கங்கே கல்லை மெதுவாக அசைத்து எடுத்து, சுவரின் இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை துளை விட்டு, கொக்கி வளைத்த கம்பியை வைத்துக் காங்கிரீட்டால் நிரப்ப வேண்டும். கில்லாரியில் இல்லாமல் போன குறுக்குக் கல் இதுதான். அப்புறம் கூரை. கைமரங்கள் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருந்தால் அவற்றைச் சுவரோடு ஆங்கிள் வைத்து முடுக்க வேண்டும், எதிரெதிர்க் கைமரங்களைக் குறுக்குச் சட்டத்தால் பிணைக்க வேண்டும். சுவர் ஏற்கெனவே வயிறு தள்ளியிருந்தால் நீங்களே உளியை எடுத்துவிடாதீர்கள். கூரைக்கு முட்டுக் கொடுத்து, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த வேலையில் பாதியை நாம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். கொங்கு நாட்டில் ஒரு வீட்டுக்குக் கல்யாணம் வந்துவிட்டால் சுவர் தப்பாது. பூச்சைக் கொத்துவார்கள், சாரம் கட்டுவார்கள், ஓட்டைப் பிரித்து மேய்வார்கள். சாரக்கூலி, கொத்துகூலி, பூச்சுக்கூலி எல்லாம் எப்படியும் கொடுக்கிற காசு. அதன்மேல் மெஷ்ஷும் ஆணியும் கொஞ்சம் கூலியும் சேர்ந்தால் பெல்ட் வந்துவிடும். தனியாகப் பூகம்பத்துக்கென்று யாரும் வீட்டைக் கொத்தப் போவதில்லை. எனக்கும் நம் சனத்தைத் தெரியும்.

தாராபுரம் பக்கம் என் மாமன் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வீட்டை இப்படித்தான் பிரித்துப் போட்டார். சுவரெல்லாம் எலும்பும் தோலுமாகத் தெரிகிற நேரம் பார்த்து நான் போய் மெஷ் விஷயத்தை எடுத்தேன். மேஸ்திரி, "அதெல்லாம் டேம் கட்டறவங்களுக்குங்க" என்று சிரித்தார். மாமன், "ஏம் மாப்ள, நல்ல காரியத்துக்கு ஊட்ட ஜோடிக்கறப்ப இடிஞ்சு உழுகற பேச்சப் பேசறயே" என்றார். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. புட்டி, டெக்ஸ்சர் பெயின்ட், ஆசாரத்தில் ஃபால்ஸ் சீலிங், வாசலுக்கு கிரானைட் எல்லாம் ஜோராக வந்தன. சுவர்கள் பழையபடி நாலு தனி ஆட்கள். மாமனைக் குறை சொல்லிப் பயனில்லை. மெஷ் அடிக்கத் தெரிந்த ஒரு மேஸ்திரி இருந்து, "போட்டுறலாமுங்க மாமா, ரெண்டு நாள் வேலை" என்று சொல்லியிருந்தால் அவரும் சரி என்றிருப்பார். வாஸ்துக்காரர் சொன்னதற்காக நல்ல வாசலை அடைத்து வேறு பக்கம் திறந்தவர்தானே.

செய்யாமல் விடுவதுகூடப் பரவாயில்லை, கெடுப்பதுதான் வயிற்றெரிச்சல். ரோட்டோர வீட்டில் முன்சுவரை அப்படியே எடுத்துவிட்டு ஷட்டர் போட்டுக் கடை விடுகிறோம். மண்சாந்துச் சுவர்மேல் காங்கிரீட் தளம் ஒட்டி, அதன்மேல் ஒரு ரூம் ஏற்றுகிறோம். அதற்கும் மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி. தண்ணீர் மட்டும் ஒரு டன், உச்சந்தலையில். கோவையில் ராஜ வீதி, பெரிய கடை வீதிப் பக்கம் நிமிர்ந்து பாருங்கள். ஒட்டி ஒட்டி நிற்கிற பழைய கட்டடங்கள், ஒன்றின் தளமட்டம் பக்கத்துக் கட்டடத்தின் நடுச்சுவருக்கு நேராக இருக்கும். ஆடினால் இந்தத் தளம் போய் அந்தச் சுவரில் முட்டும். ஈரோடு, சேலம் கடைவீதிகளிலும் இதே கதைதான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும், அழகுக்காக எலிவேஷன் என்று ஏற்றிய வெற்றுச் சுவரும் நேராக நடைபாதையில்தான் வந்து விழும்.

வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுகிற திருப்பூர் லைன் வீடுகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அந்தச் சுவரில் வாடகைக்காரர் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. பெல்ட் போட வேண்டியது வாடகை வாங்குகிறவர்.

பள்ளிக்கூடங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25, அளவு 7.8. அன்று சனிக்கிழமை, அங்கே பள்ளிக்கு விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தும் பிள்ளைகள் தப்பியது கிழமையின் புண்ணியம். ஆனால் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் முன்கூட்டியே வலுப்படுத்தி வைத்திருந்த பள்ளிக் கட்டடங்கள் நின்றன. நம்மைவிட ஏழை நாடு, நம்மூர் மாதிரியே செங்கல், கொத்தனார். அவர்களால் முடிந்திருக்கிறது. நம் பக்கத்து ஓட்டுக் கட்டடப் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு மாட்டுவதற்கு முன்னால் அது மாட்டப்போகிற சுவரை ஒரு இன்ஜினியர் தட்டிப் பார்த்தாரா என்று முன்னாள் மாணவர் சங்கங்கள் கேட்கலாம். நன்கொடைப் பலகையில் "பெல்ட் உபயம்" என்று போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கடைசியில் வருகிறேன் என்று சொன்ன காங்கிரீட். 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தின் மையம் கட்ச் பக்கம், பூஜுக்கு அருகே. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. விழுந்தவற்றில் நிறைய, கீழே கார் நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் வெறும் தூண்மேல் நின்றவை. மேலே எல்லா மாடியிலும் சுவர் இருப்பதால் அது ஒரே பெட்டியாக விறைப்பாக நிற்கும், ஆட்டம் முழுக்கக் கீழ்த்தூணுக்கு வந்து சேரும். அந்தத் தூணில் ரிங் கம்பியைத் தூர தூரப் போட்டு, முனையை உள்பக்கம் மடக்காமல் சும்மா வளைத்து விட்டிருந்தால் கதை முடிந்தது. கோவையில் இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் எழும்பிய அபார்ட்மென்ட்களின் கீழே போய் நின்று பாருங்கள், இதே அமைப்புதான்.

இதற்கும் வழி உண்டு. தரநிலை 15988, 2013இல் வந்தது. தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி மேல்காங்கிரீட் போடுவது ஒன்று. கார் போக வேண்டாத இடமாகப் பார்த்து இரண்டு திசையிலும் தூணுக்கும் தூணுக்கும் நடுவே சில இடைவெளிகளைக் காங்கிரீட் சுவரால் அடைப்பது இன்னொன்று. எது வேண்டும் என்பதைக் கட்டடத்தைச் சோதித்துவிட்டுத்தான் சொல்ல முடியும். உள்ளே கம்பி எங்கே எவ்வளவு இருக்கிறது என்று உடைக்காமலே பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. ஜி.சி.டி., பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. என்று சிவில் இன்ஜினியரிங் துறையுள்ள கல்லூரிகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன, போய்க் கேட்டால் வழிகாட்டுவார்கள். ஃப்ளாட்டில் இருக்கிறவர்கள் அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில், வாட்ச்மேன் சம்பளத்துக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் நடுவில், கீழ்த்தூண் சோதனை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கமாக எல்லாவற்றையும் எதிர்க்கிற அந்த மூன்றாம் மாடிக்காரர் இதையும் எதிர்ப்பார், அவருக்கு இந்தப் பதிவை அனுப்பிவிடுங்கள்.