உலர் வலயம் என்றால் மழையே இல்லையா?

"இலங்கையின் வடக்கே இருக்கிற வன்னி உலர் வலயம், மழையே பெய்யாது, இரணைமடுக் குளத்துக்கு மகாவலி ஆற்றுத் தண்ணீர்தான் வருகிறது" என்று மேலே எழுதிய தம்பிக்கு: இரண்டும் பிழை. இரணைமடுவை நிரப்புவது கனகராயன் ஆறு. மழையும் குறைவில்லை. வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஆண்டுக்கு 1,200 மில்லிமீற்றருக்கு மேல் விழுகிறது. லண்டனில் அதில் பாதிதான். சிக்கல் அளவில் இல்லை, காலத்தில். பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். மார்கழியில் குளம் நிரம்பி வான் வழியாக வழிந்து பாயும்போது வந்து பாரும், தாழ்ந்த பக்கம் இருக்கிற சனத்துக்கு நித்திரையே இராது. அப்புறம் தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று. ஆவணியில் அதே குளத்தின் கரையோரம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், தண்ணீர் நின்ற இடத்தில் மாடு மேயும். மாரி மழையோடு செய்யும் நெற்போகமான காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும்; கோடையில் செய்யும் சிறுபோகம் எத்தனை ஏக்கர் என்பது குளத்தில் மிஞ்சிய தண்ணீரைப் பொறுத்தது. குளம் வெட்டியது அதற்குத்தான்.