ஒரு மணிக்கு ஷட்டர்

(புனே, சதாசிவ் பேட். மூன்று தலைமுறையாக நடக்கும் பலகாரக் கடை. மணி 12:50. கல்லாவில் கடைக்காரர் காகா, கையில் பேப்பர். பாகர்வடி என்ற காரச் சுருள் பலகாரம் வாங்க மும்பை தாதர்க்காரர் ஒருவர் நுழைகிறார். ஆள் வந்தது காகாவுக்குத் தெரியும், நிமிரத்தான் இல்லை.)

வந்தவர்: காகா, பாகர்வடி இருக்கா?

காகா: வாசல்ல போர்டு பார்த்தியா?

வந்தவர்: "சைக்கிளைச் சாய்க்காதே", "வழி கேட்காதே", "கண்ணாடியில சாயாதே"... பாகர்வடி பத்தி ஒண்ணும் இல்லையே.

காகா: இல்லைன்னு எழுதலையே? அப்போ இருக்கு.

வந்தவர்: ஃப்ரெஷ்ஷா?

காகா: (பேப்பரை மடிக்கிறார். நல்ல சகுனம் இல்லை.) பழசுதான் வேணும்னா வேற கடை பாரு.

வந்தவர்: கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு ருசி பார்க்கலாமா?

காகா: எதுக்கு? எங்க தாத்தாவே பார்த்துட்டார்.

வந்தவர்: சரி, ரெண்டு கிலோ போடுங்க.

காகா: வீட்ல எத்தனை பேர்?

வந்தவர்: மூணு.

காகா: மூணு பேருக்கு ரெண்டு கிலோவா! நமுத்துப்போற வரைக்கும் வச்சிருந்து தின்னுட்டு, "புனே சரக்கு இவ்வளவுதான்"னு தாதர் பூரா சொல்லுவே. அரைக் கிலோ போதும்.

வந்தவர்: காசு நான்தானே தர்றேன்?

காகா: கெடப்போறது என் பேராச்சே!

வந்தவர்: அரைக் கிலோவே கொடுங்க. கூட, சக்லி மாவு, அதான் முறுக்கு மாவு, ஒரு கிலோ.

காகா: யார் பிசையறது?

வந்தவர்: நான்தான்.

காகா: எந்தத் தண்ணி விடுவே?

வந்தவர்: குழாய்த்...

காகா: மாவு கிடையாது. வெந்நீர்னு சொல்றவங்க யாரையாவது அனுப்பு.

(பாகர்வடியை நிறுக்கிறார். தராசு முள்ளை மூன்று தடவை பார்க்கிறார். ஒரு துண்டு கூட, ஒரு துண்டு குறைய, மறுபடி ஒரு துண்டு கூட. சணல் கட்டி முடிக்கையில் மணி 1:00. கல்லாவைப் பூட்டுகிறார்.)

வந்தவர்: காகா, பணம்!

காகா: மணி ஒண்ணாச்சு. நாலு மணிக்கு வா.

வந்தவர்: ஒரே நிமிஷம்!

காகா: டெக்கான் குயீன் ரயில் 1930-லேர்ந்து ஓடுது. உனக்காக ஒரு நிமிஷம் நின்னிருக்கா? எனக்குச் சாப்பாடு, அப்புறம் இடது பக்கம் சாய்ஞ்சு ஒரு தூக்கம். பொட்டலத்தை எடுத்துட்டுப் போ, பணத்தை அப்புறம் கொடு.

வந்தவர்: நான் வராமலே போயிட்டா?

காகா: அரைக் கிலோ பாகர்வடிக்காக ஊரை விட்டு ஓடற சாமர்த்தியம் உன் மூஞ்சில தெரியலை.

வந்தவர்: ரெண்டரைக்கு எனக்கு பஸ், காகா. தாதர்ல உங்க கிளை இருந்தா அங்கேயே கட்டிடறேன்.

காகா: கிளையா? (முதல் தடவையாக முகம் மலர்கிறது.) எங்களுக்கு எங்கேயும் கிளை கிடையாது! குனிஞ்சு போ தம்பி, ஷட்டர் இறங்குது.