பெஞ்சில் இருப்பவருக்கு எதற்கு இவ்வளவு பணம்?

ஒவ்வொரு மார்ச்சிலும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஒப்பந்தச் செய்திகள் வர ஆரம்பித்ததும் எங்கள் வாட்ஸப் குழுவில் அதே புலம்பல் தொடங்கிவிடும். "மூணாவது கார்னர்பேக்குக்குப் போய் இவ்வளவா? சீசன் முழுக்க ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லையேடா!" குழுவில் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரணியின் ரிசீவர் எங்கே ஓடினாலும் நிழல் மாதிரி கூடவே ஓடி, பந்து அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்பவர்தான் கார்னர்பேக். அந்தப் பந்தை இவரே பறித்துப் பிடித்துவிட்டால் அது இன்டர்செப்ஷன். வேலையை ஒழுங்காகச் செய்தால் அவர் பக்கம் பந்தே வராது. பந்து வராவிட்டால் ஸ்கோர் அட்டையில் அவர் பெயரும் வராது. அட்டையை மட்டும் பார்த்து இவரை எடை போட்டால் கணக்கு தப்பும்.

பேட்ரியாட்ஸ் அணியின் கைல் ஆரிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். டிராஃப்ட்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், யாரும் சீண்டாதவர். 2011-இல் 7 இன்டர்செப்ஷன் எடுத்து, லீக்கிலேயே முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2013-இல் 4 வருடத்துக்கு 1.6 கோடி டாலர் என்று ஒப்பந்தம். தலைப்பில் போடும் அந்தத் தொகையை நம்பவே கூடாது. என்எஃப்எல்-இல் உத்தரவாதத் தொகை போக மீதியெல்லாம் "அணியில் இருந்தால் தருவோம்" என்ற கதைதான். ஆரிங்டன் இரண்டு சீசன் ஆடினார், 2015 மே மாதம் விடுவித்துவிட்டார்கள். மீதி இரண்டு வருடச் சம்பளம் காகிதத்தோடு சரி.

அந்த இரண்டு சீசனும் உள்ளே ஓடும் சின்ன, வேகமான ரிசீவர்களைக் கட்டிப்போடுவதுதான் அவர் வேலை. அதைச் செய்தார். 2015 பிப்ரவரி 1 அன்று, சியாட்டிலுக்கு எதிரான சூப்பர் பவுலில்தான் (லீக்கின் இறுதிப் போட்டி) சறுக்கல். எதிரே வந்தவர் கிறிஸ் மேத்யூஸ், ஆறடி ஐந்து அங்குலம். அதுவரை என்எஃப்எல்-இல் ஒரு பந்துகூடப் பிடிக்காதவர். ஐந்தடி பத்து அங்குல ஆரிங்டனின் தலைக்கு மேலே எக்கி, 44 கெஜத்துக்கு ஒரு பந்தைப் பிடித்துப் போனார். இதற்கு ஆரிங்டன் என்ன செய்வார்? உயரத்துக்கு ஒப்பந்தத்தில் ஷரத்தா போட முடியும்?

இரண்டாம் பாதியில் அவரை உட்காரவைத்தார்கள். ஆறடி நாலு அங்குல இன்னொரு கார்னர்பேக் பிரௌனரை மேத்யூஸிடம் அனுப்பிவிட்டு, காலியான இடத்துக்கு ஒரு புதுமுகத்தை இறக்கினார்கள். அவர்தான் மால்கம் பட்லர். ஒரு காலத்தில் பொப்பாய்ஸ் சிக்கன் கடையில் வேலை பார்த்தவர். வெஸ்ட் அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, பயிற்சி முகாமில் தேறி ஒட்டிக்கொண்டவர். சம்பளம் அந்த வருடத்தின் அடிமட்டம், 4.2 லட்சம் டாலர். அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு 13.3 கோடி டாலர். வழக்கமான சீசனில் அவர் எடுத்த இன்டர்செப்ஷன், பூஜ்யம். நம் குழு அன்றைக்கே "இவர் எதுக்கு?" என்று கேட்டிருக்கும்.

மீதிக் கதை பலருக்குத் தெரியும். 26 விநாடி பாக்கி, எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்து முந்த சியாட்டிலுக்குத் தேவை ஒரே ஒரு கெஜம். எனக்குப் பிடித்த காட்சி அதற்கும் முந்தையது. அந்த வாரப் பயிற்சியில், சியாட்டில் இந்தக் கடைசிக் கெஜத்துக்கு ஆடிய அதே உத்தியை ஓடிப் பார்த்தபோது பட்லர் ஒரு நொடி பிந்தி, டச்டவுன் விட்டுக்கொடுத்திருந்தார். மைதானத்தில் அதே அணிவகுப்பைக் கண்டதும் இந்த முறை சுற்றிப் போகவில்லை, நேரே பாய்ந்தார். முன்னால் நின்ற பிரௌனர், குறுக்கே வழிமறிக்க வந்த சியாட்டில் ரிசீவர் கெர்ஸை நகரவிடாமல் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தத் தள்ளலுக்கு எந்தப் பட்டியலிலும் புள்ளி கிடையாது. அது இல்லையென்றால் பட்லருக்கு வழியே இல்லை. பந்து பட்லர் கையில், 28-24, கோப்பை பேட்ரியாட்ஸுக்கு.

"அப்படிப் பார்த்தா 4.2 லட்சம்தான் லாபம், 1.6 கோடி நஷ்டம்" என்று ஒரு நண்பர் மடக்கினார். இல்லை சார். ஆரிங்டனுக்குக் கொடுத்தது இரண்டு வருட அன்றாட வேலைக்கான கூலி. பட்லருக்குக் கொடுத்தது, கூப்பிட்டால் தயாராக இருப்பதற்கான கூலி. இப்போதெல்லாம் பாதிக்கும் மேற்பட்ட பந்துகளுக்கு ஐந்து பின்களக் காவலர்களை நிறுத்துகிறார்கள். அதில் மூன்றாவது கார்னர்பேக்கை மாற்று ஆட்டக்காரர் என்று சொல்வதே பழைய பழக்கம். நான்காவது, ஐந்தாவது ஆட்களைப் பயிற்சி மைதானத்தில் பார்த்துத்தான் விலை பேச முடியும், நமக்கு அது தெரியப் போவதில்லை.

அப்புறம், இதே பட்லர் 2018 பிப்ரவரியில் இன்னொரு சூப்பர் பவுலுக்கு வந்தார். இப்போது சீசன் முழுக்க ஆடிய முதன்மை ஆட்டக்காரர். தற்காப்பில் ஒரு பந்துக்குக்கூட இறக்கவில்லை. பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பெலிசிக் தெளிவான காரணம் எதுவும் சொல்லவில்லை. எதிரணி ஈகிள்ஸ் 41 புள்ளி அடித்து ஜெயித்தது. அடுத்த மாதமே டென்னஸி அணி அவரை 5 வருடத்துக்கு 6.1 கோடி டாலர் என்று பேசி எடுத்தது. 2020-இல் அவர் எடுத்தது 4 இன்டர்செப்ஷன். அடுத்த மார்ச்சில் சம்பளக் கணக்கில் சுமார் 1 கோடி டாலரை மிச்சம்பிடிக்க அவரையும் விடுவித்துவிட்டார்கள்.