ரீவேல் போட்டால் யாருக்கு என்ன அவமானம்?

பிளஸ் டூ பாராட்டு விழாவில் ரீவேல் (விடைத்தாள் மறுமதிப்பீடு) கேட்கும் பிள்ளைகளைப் பற்றிய அந்தப் பேச்சை உங்களில் பாதிப் பேர் நேரில் கேட்டிருப்பீர்கள், மீதிப் பேருக்கு வீடியோ வந்திருக்கும். "ஐந்நூறு ரூபாய் கட்டி மார்க் வாங்கப் பார்க்கிறார்கள். திருத்தின வாத்தியாரையே நம்பாத பிள்ளை எங்கே உருப்படும்?" கைதட்டல் வேறு. பேசியவர் பெயர் இங்கே வேண்டாம், பெரிய மனிதர்.

ஐயா, மறுமதிப்பீடு கேட்பது யார் மேலும் புகார் இல்லை. தேர்வுத்துறையே திறந்து வைத்திருக்கும் வழி அது. பிளஸ் டூவில் முதலில் பாடத்துக்கு 275 ரூபாய் கட்டி விடைத்தாளின் ஸ்கேன் காப்பி வாங்க வேண்டும். கூட்டலில்தான் கோளாறு என்றால் 205 கட்டி மறுகூட்டல். விடையையே மறுபடி படித்து மார்க் போடவேண்டும் என்றால் 505 கட்டி மறுமதிப்பீடு. நம் பேச்சாளருக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் தெரியாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

என் அப்பா வேதியியல் ஆசிரியர். ஏப்ரல் வெயிலில் திருத்தும் முகாமுக்குப் போய்விட்டு, விரலெல்லாம் சிவப்பு மையோடு வருவார். அங்கே ஏ.இ. (உதவித் தேர்வாளர்) திருத்திய தாளை எஸ்.ஓ. (சரிபார்க்கும் அலுவலர்) ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, விட்டுப்போன விடை இருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்பார். அதற்கு மேல் சி.இ. (முதன்மைத் தேர்வாளர்) சிலதை எடுத்துத் திரும்பத் திருத்துவார். ஒருமுறை கடைசிப் பக்கத்தில் ஒரு பையன் தனியாக எழுதியிருந்த கணக்கு அப்பா கண்ணில் படவில்லை. எஸ்.ஓ. பிடித்துக் கொடுத்தாராம். "பையன் பிழைச்சான், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முகாமுக்குள்ளேயே இத்தனை முறை சரிபார்க்கிறார்கள், அங்கே யாருக்கும் மானம் போகவில்லை. வெளியிலிருந்து ஒரு பிள்ளை கேட்டால் மட்டும் போய்விடுமா?

"ஒரு மார்க்கில் என்ன வந்துவிடப் போகிறது?" என்பீர்கள். பொறியியல் கட்ஆஃப் 200க்கு. அதில் கணக்கு அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50. கணக்கில் ஒரு மார்க் கூடினால் கட்ஆஃபில் முழுசாக ஒன்று. கவுன்சலிங்கில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், அந்த ஒன்றுக்குள் எத்தனை தலை நிற்கிறது என்று சொல்வார்கள்.

அப்புறம், மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னதாக ஒரு வழக்கறிஞர் நண்பர் ஆரம்பிப்பார். 1984 மகாராஷ்டிர வழக்கு. அங்கே விதியிலேயே மறுமதிப்பீடு கிடையாது, இங்கே விதி இருக்கிறது. அதே நீதிமன்றம்தான் 2011இல், தகவல் உரிமைச் சட்டத்தின்படி தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்கலாம் என்றது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அண்ணா பல்கலைக்கழக விவகாரமா? சரி, 2017 தேர்வின் மறுமதிப்பீட்டில் பணம் விளையாடியதாக 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது உண்மை. அதற்கு லஞ்சக்காரரைப் பிடியுங்கள். எல்லாரும் பார்க்க வரிசையில் நின்று கட்டணம் கட்டுகிற பிள்ளையை ஏன் திருடனைப் போலப் பார்க்கிறீர்கள்?

மறுமதிப்பீட்டில் மார்க் குறைந்தால் என்ன செய்வாய் என்று கேட்பவர்களுக்கு: குறையட்டும். தெரிந்துதானே போடுகிறோம்.

உண்மையில் எனக்குச் சுட்டது அந்த "உருப்படும்" தான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பதினேழு வயதுப் பிள்ளைகள். பரிசு வாங்க வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேடையில் பேச வேறு விஷயமா இல்லை? ஸ்கேன் காப்பியும் ரீவேலும் சேர்த்து ஒரு பாடத்துக்கே 780 ரூபாய். உயிரியலென்றால் மறுமதிப்பீடு மட்டும் 1010. கூலிவேலைக்குப் போகிற வீட்டில் மார்க் விட்டுப்போனது கண்ணுக்குத் தெரிந்தாலும் பேசாமல் இருந்துவிடுகிறார்களே, அவர்களுக்காக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார்கள். அதற்குக் கைதட்டு விழாது.

என் மகள் கணக்குக்குப் போட்டிருக்கிறாள். பணம் கட்டியது நான். "உங்க பொண்ணு என்ன டாப்பரா?" என்று நேற்று இன்பாக்ஸில் விசாரித்த உறவுக்காரருக்கும் இதுதான் பதில்: இல்லை, மாமா. டாப்பர்கள் மட்டும்தான் கேட்கலாம் என்று விண்ணப்பத்தில் எங்கேயும் போடவில்லை.