ஸ்னோடன் இல்லை அண்ணாச்சி, எர் வித்வா

சனிக்கிழமை போட்ட போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். நனைந்த கோழி மாதிரி ஏழு பேர், பின்னால் வெறும் மூட்டம். மலையில்தான் நிற்கிறோம் என்பதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லாததால், 'எர் வித்வா, 1,085 மீட்டர்' என்று எழுதினேன். வேல்ஸில், ஆங்கிலத்தில் ஸ்னோடன் என்கிற மலைக்கு வெல்ஷ் மொழிப் பெயர் அது. அவ்வளவுதான் செய்த குற்றம்.

"ஸ்னோடன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா? வெல்ஷ்காரனாவே ஆயிட்டீரு போல" என்று ஆரம்பித்தது யாரென்று எல்லோருக்கும் தெரியும். கூடவே ஏறிய நம்ம அண்ணாச்சிதான். அதற்கு முப்பத்திச் சொச்சம் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேரை அந்த மலைக்குக் காரில் கூட்டிப்போனவன் நான்.

மலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொன்னேன். இதில் என்ன சீன் போட்டுவிட்டேன்?

நானாகக் கண்டுபிடித்த பெயரும் இல்லை. 5,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கேட்டு, 2022 நவம்பரில் தேசியப் பூங்கா ஆணையமே முடிவெடுத்தது: ஸ்னோடோனியா என்கிற அந்தப் பூங்கா வட்டாரம் இனி எரரி, ஸ்னோடன் இனி எர் வித்வா. 'வித்வா' என்றால் சமாதி மேடு. ராஜாக்களின் தாடியை அறுத்து அங்கி தைத்துப் போட்டுக்கொண்ட ரிதா என்ற அரக்கனை ஆர்தர் கொன்று அங்கே புதைத்ததாகக் கதை. இப்பேர்ப்பட்ட மலையை 'ஸ்னோடன்', அதாவது 'பனிக்குன்று' என்று கூப்பிட வேண்டுமாம்.

"ஸ்னோடனும் பழைய பெயர்தானே, 900 வருஷத்துக்கு மேல் ஆச்சே" என்று ஒருவர் உள்பெட்டியில் வந்தார். வாஸ்தவம்தான். இருக்கட்டும். தூரத்தில் நின்று பார்த்தவன் வைத்த பெயர் அது.

"ரயில்காரனே ஸ்னோடன்னுதான் போட்டிருக்கான்." உச்சி வரைக்கும் ரயிலில் போகிறவர்கள் அப்படியே சொல்லட்டும். நாம் நடந்துதானே போனோம்?

"ஆபத்துன்னா 999-க்கு அடிச்சு என்னன்னு சொல்வீரு?" போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்வேன். பைசா சம்பளம் வாங்காமல், வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருகிற அந்தப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கா எர் வித்வா புரியாது?

மூன்று வருஷம் முன்னால் நானும் இப்படித்தான் இருந்தேன். ஆக்வென் ஏரிக்கரையில் நின்று ஒரு பெரியவரிடம் 'டிரைஃபேன்' மலைக்கு வழி கேட்டேன், ஏதோ சீலிங் ஃபேன் கம்பெனி மாதிரி. மனுஷர் சிரிக்கவில்லை. என் ஊர் எது என்று கேட்டார். திருநெல்வேலி என்றேன். மூன்று தடவை தப்பாகச் சொல்லி, நாலாவது தடவை சரியாகச் சொன்னார். "இப்போ உங்க முறை. ட்ரவன்." அப்புறம் அவர்களுடைய இரட்டை 'எல்' ஓசை. 'ல' சொல்கிற இடத்தில் நாக்கை வைத்து, ஓரமாகக் காற்றை ஊத வேண்டும். நான் ஊதியதில் எச்சில் அவருடைய நாய் மேல் தெறித்தது. பதிலுக்கு நான் 'ழ' சொல்லிக்கொடுத்தேன். தூறலில் பத்து நிமிஷம் இரண்டு பேரும் துப்பிக்கொண்டு நின்றோம். அன்றைக்கு வடக்கு முகட்டில் பாறையைப் பிடித்து ஏறியபோதும் என் வாய் 'ட்ரவன், ட்ரவன்' என்றே முனகிக்கொண்டிருந்தது. உச்சியில் ஷோன், ஷான் என்று இரண்டு தூண் பாறைகள் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாண்டுவது வழக்கம். தாண்டினாயா என்று கேட்காதீர்கள், வீட்டில் இதைப் படிப்பார்கள்.

அந்தப் பெரியவர்தான் சொன்னார். அவருடைய கொள்ளுத்தாத்தா காலத்தில், பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப்பலகையைத் தொங்கவிடுவார்களாம். நான் படித்த கான்வென்ட்டில் தமிழ் பேசினால் வார்த்தைக்கு ஒரு ரூபாய். அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை. ஏனோ சொல்ல வரவில்லை.

அண்ணாச்சிக்கு வருகிறேன். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்ததே, அன்றைக்கு இதே முகநூலில் நீங்கள் ஆடிய ஆட்டம் என்ன? "டூட்டிகோரின்னு எழுதுறவன் இனி என் நட்பிலேயே வேண்டாம்." நான் அதற்கு இதயம் போட்டேன். சில நாளிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றதும் ஒரு வாரம் துக்கம் காத்தீர்கள். அதற்கும் இதயம் போட்டேன். தூத்துக்குடிக்கு ஒரு நியாயம், எர் வித்வாவுக்கு ஒரு நியாயமா?

மொழி வெறியன் என்கிறார்கள். எனக்கு வெல்ஷில் மொத்தம் இருபது வார்த்தை தெரியும், அதில் பதினைந்து மலைப் பெயர்கள். இந்த லட்சணத்தில் வெறி வேறு!

சரி, நேராகவே சொல்கிறேன், பெயர்கூடப் பெரிசில்லை. இறங்கும்போது உங்கள் முட்டி பிடித்துக்கொண்டது. பாதிவழிக் கடைக்கு மேலேயிருந்து கீழே ஊர் வரைக்கும், அந்த மழையில், இரண்டு பையையும் சுமந்தது யார்? உங்கள் பையில் மதினி கட்டிக்கொடுத்த எலுமிச்சம் சாதம் இருந்தது. அதில் எனக்கு ஒரு வாய் வரவில்லை. சொல்லிக்காட்டக் கூடாதுதான். சொல்லிவிட்டேன். காரில் தூங்கிக்கொண்டே வந்தவர், வீடு போய்ச் சேர்ந்ததும் செய்த முதல் வேலை அந்தக் கமெண்ட்.

செப்டம்பரில் ட்ரவன். காரில் மூன்று சீட் நிரம்பிவிட்டது. நாலாவது அண்ணாச்சிக்குத்தான், முட்டி சரியானால். ஏ55 நெடுஞ்சாலையில் ஏறியதுமே சொல்லிப் பழக ஆரம்பிக்கவும். சீலிங் ஃபேன் பெயர் வாயில் வந்தால் மலைக்கு முன்னால் வரும் பெதெஸ்டா ஊரிலேயே இறக்கிவிடுவேன்.