நான்கு கோர் பென்டியம், இரண்டு கோர் ஐ3-யை விட வேகமா?

பழைய லேப்டாப் வாங்குவோருக்கு, அதன் மூளையான பிராசசர் சிப் பற்றி ஒரு ‘டிப்ஸ்’ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: “பென்டியம் என்3540-இல் நான்கு கோர், 2.16 ஜிகாஹெர்ட்ஸ். கோர் ஐ3-4005யு-வில் இரண்டே கோர், 1.7 ஜிகாஹெர்ட்ஸ். பென்டியம்தான் வேகம்.”

எண்கள் சரி, முடிவு தவறு. (இங்கே எண்ணப்படும் கோர் என்பது சிப்புக்குள் கட்டளைகளைச் செய்து முடிக்கும் பகுதி; ஜிகாஹெர்ட்ஸ் அதன் கிளாக் துடிப்பின் வேகம்.)

இரண்டும் இன்டெல்லின் ஒரே 22 நானோமீட்டர் தயாரிப்பு முறையில் வந்த சிப்புகள்தான். ஆனால் என்3540 (2014) பெயரளவில்தான் பென்டியம். உள்ளே இருப்பது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஆட்டம் வகையின் சில்வர்மான்ட் கோர். ஒரு கிளாக் துடிப்பில் அதிகபட்சம் இரண்டு கட்டளைகளைத்தான் அது டிகோட் செய்யும், அதாவது பிரித்துப் புரிந்துகொள்ளும். ஐ3-யின் ஹாஸ்வெல் கோர் நான்கு செய்யும். அதனால் தேவைப்படும்போது 2.66 ஜிகாஹெர்ட்ஸ் வரை வேகமெடுத்தாலும், பிரவுசர், எக்செல் போன்ற அன்றாட வேலைகளில் பென்டியம் பின்தங்கும். ஐ3-யில் அப்படி வேகமெடுக்கும் டர்போ வசதியே கிடையாது என்பது வேடிக்கை! ஆனால் ஒரு கோரையே இரண்டு வேலைகளைப் பார்க்க வைக்கும் ஹைப்பர்த்ரெடிங் இருப்பதால், ஒரே நேரத்தில் நான்கு வேலைத் தொடர்கள் (த்ரெட்) ஓடும். கிராபிக்ஸில் போட்டியே இல்லை: ஐ3-யில் கிராபிக்ஸ் கணக்குகளைச் செய்யும் எக்சிகியூஷன் யூனிட் 20, பென்டியத்தில் 4. ரேமும் முறையே 16 ஜிபி, 8 ஜிபி வரைதான்.

அப்புறம் பென்டியத்துக்கு என்னதான் பெருமை? மின்சாரம். அதன் டிடிபி (வேலை செய்யும்போது வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு) 7.5 வாட், ஐ3-க்கு 15. ஃபேன் இல்லாமலேயே லேப்டாப் செய்ய முடியும். சத்தமில்லாமல் டைப் அடிக்க மட்டும் என்றால், அதை எடுப்பதில் தப்பில்லை.

விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் இரண்டுக்குமே அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை.